கொசு வீட்டுக் கலப்புக் கல்யாணம்

வணக்கம் நேயர்களே. கொசுவைப் பத்தி பேசுங்கன்னு கூப்பிட்டாங்க, நீங்களும் இப்ப ஒரு கொசுவை அடிச்சுக்கிட்டேதான் இதைக் கேட்டுட்டிருப்பீங்க. நான் சொல்லப்போறது நம்மூரு கொசு இல்ல, மேற்கு ஆப்பிரிக்காவுல மாலி நாட்டுல மலேரியா பரப்புற அனாஃபிலிஸ் காம்பியே.

காம்பியேன்னு ஒரே பேருல சொன்னாலும் அது ஒரு கூட்டுக் குடும்பம். எட்டு இனத்துக்கு மேல இருக்கு, பக்கத்துல பக்கத்துல வெச்சு லென்ஸ்ல பாத்தாலும் வித்தியாசம் தெரியாது. ஆனா குணம் வேற. ஒண்ணு மனுஷ ரத்தத்துக்கு அலையும், இன்னொண்ணு மாட்டையே தேடிப் போகும், உப்புத்தண்ணியில முட்டை போடுறதும் உண்டு. டிஎன்ஏ பாத்தாதான் எது எதுன்னு சொல்ல முடியும். இதுல ரெண்டு இனம் ரொம்ப நெருக்கம், 2013 வரைக்கும் ரெண்டுக்கும் ஒரே பேருதான், அப்புறம்தான் ஒண்ணுக்கு இத்தாலி விஞ்ஞானி மரியோ கொலுஸ்ஸி ஞாபகமா கொலுஸ்ஸியைன்னு தனிப்பேரு வெச்சாங்க. காம்பியேங்கற பேரு இன்னொண்ணுக்கே நின்னுடுச்சு. அந்தக் காம்பியே மழைக்குட்டையில வளரும், கொலுஸ்ஸியை நெல்லு வயல் மாதிரி தண்ணி நிக்கிற இடத்துல வளரும்.

குதிரையும் கழுதையும் சேந்தா கோவேறு கழுதை பொறக்கும், அதோட வம்சம் நின்னுடும்ல? இந்தக் குடும்பத்துலயும் காம்பியேவும் அராபியன்சிஸ்ங்கற இன்னொரு இனமும் சேந்தா பொறக்குற ஆண்கொசு மலடு, பொண்ணு மட்டும் முட்டை போடும். ஆனா காம்பியே, கொலுஸ்ஸியை சேந்தா ஆண், பொண்ணு ரெண்டுமே வளமா இருக்கும். அப்ப ஏன் ரெண்டும் ஒண்ணா கலந்து போகலன்னு கேப்பீங்க. சாயங்காலம் பொழுது சாயுற நேரம் ஆண்கொசுங்க கூட்டமா சுத்தும், பொண்ணு கொசு அதுக்குள்ள பறந்து வந்து ஜோடி சேரும், ரெண்டு இனமும் அவங்கவங்க இடத்துல தனித்தனியாத்தான் கூடும். எப்பவாவதுதான் மாத்திக் கலக்கும், அப்படிப் பொறந்ததும் பெரும்பாலும் தாக்குப்பிடிக்காது.

இந்த நேரத்துல வந்துச்சு கொசுவலை. மருந்து தோய்ச்ச வலை, பைரத்ராய்டு மருந்து, நம்ம வீட்டுக் கொசுவத்தி, லிக்விட்ல இருக்கிறதும் இதே வகையறாதான். இது கொசுவோட நரம்புல சோடியம் போற வாசலைப் பிடிச்சு வலிப்பு வர வெச்சுக் கொல்லும். காம்பியேவுல அந்த வாசல் ஜீன்ல ஒரே ஒரு எழுத்து மாறியிருந்துச்சு, மருந்து பிடிக்க முடியல. கேடிஆர்னு சொல்லுவாங்க. மாலியில கொலுஸ்ஸியைக்கு அப்ப இது இல்லாம இருந்துச்சு.

2006 வாக்குல தியரோலாங்கற கிராமத்துல கலப்புக் கொசு பொறந்துச்சு. வழக்கமா காணாமப் போக வேண்டியது, ஆனா ஊரெல்லாம் வலை கட்டியிருக்கு, அந்த மாறின ஜீன் உள்ள கொசுதான் பொழைக்குது, அதுவே திரும்பத் திரும்ப கொலுஸ்ஸியை கூட ஜோடி சேர, கொஞ்ச வருஷத்துல அந்த ஜீன் கொலுஸ்ஸியைக்குள்ள பரவிடுச்சு. இதுல வேடிக்கை என்னன்னா, ரெண்டாவது குரோமோசோம்ல அந்த ஜீன் இருக்கிற துண்டைத்தான் ரெண்டு இனத்தையும் பிரிக்கிற முக்கியமான சுவருங்கள்ல ஒண்ணுன்னு ஆராய்ச்சிக்காரங்க நெனச்சிட்டிருந்தாங்க! சுவரே பேத்துக்கிட்டு அடுத்த வீட்டுக்குப் போயிடுச்சு, மத்த டிஎன்ஏ எல்லாம் பழையபடி கொலுஸ்ஸியைதான்.

அதனால இப்ப வலைக்காரங்க மருந்தை மாத்திப் பாக்குறாங்க. பிபிஓன்னு ஒரு துணைப்பொருள் சேத்த வலை வந்திருக்கு, ரெண்டு மருந்து கலந்த வலையும் வந்திருக்கு. எந்த வலையை எந்த ஊருக்கு அனுப்புறதுன்னு முடிவு பண்ண முன்னாடி, அந்த ஊரு கொசுவைப் புடிச்சு அது மருந்துக்கு சாகுதான்னு பாக்க வேண்டியிருக்கு.