2001 மயாமி பட்டம் லாரி கோக்கருடையதே

நடுவர் அவர்களே, எதிரணிப் பெரியவர்களே, சபையோரே, அனைவருக்கும் வணக்கம்.

எனக்கு முன் பேசிய எதிரணித் தலைவர் ஒரே வரியில் வழக்கை முடித்துவிட்டார். "புட்ச் டேவிஸ் சமைத்து வைத்தார், லாரி கோக்கர் பந்தியில் உட்கார்ந்தார்" என்றார். கைதட்டலும் வாங்கினார். 2001 பருவத்தில் மயாமி பல்கலைக்கழகம் வென்ற அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்து தேசியப் பட்டத்தை, அந்தப் பருவத்தின் பயிற்சியாளர் கோக்கர் கணக்கில் அல்ல, அந்த வருடம் அங்கே இல்லாத முன்னாள் பயிற்சியாளர் டேவிஸ் கணக்கில் எழுத வேண்டும் என்பது அவர்கள் கட்சி. முன்னவர் சேர்த்து வைத்த ஆட்களைக் கழித்துவிட்டு மிச்சத்தை வைத்துத்தான் புதியவரை எடைபோட வேண்டுமாம்.

டேவிஸைக் குறைத்துப் பேச நான் வரவில்லை. 1995இல் அவர் பொறுப்பேற்றபோது, பழைய விதிமீறல்களுக்காக மயாமிக்கு விழுந்த தண்டனையில் வீரர்களைச் சேர்க்கும் 31 உதவித்தொகை இடங்கள் பறிபோயின. அன்று ஒரு கல்லூரி அணிக்கு மொத்தமே 85 இடங்கள்தான் இருந்தன. 1997இல் 5 வெற்றி, 6 தோல்வி. அந்த வறட்சியிலும் பள்ளி பள்ளியாக அலைந்து ஆள் சேர்த்தார். 2001 அணியில் இருந்தவர்களில் 38 பேரைப் பின்னாளில் என்.எஃப்.எல். என்ற தொழில்முறை லீகின் அணிகள், புது வீரர்களைச் சுற்றுச் சுற்றாகத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில் எடுத்தன. அதில் 17 பேர் முதல் சுற்றிலேயே போனார்கள். இதை மறுப்பவன் நன்றி கெட்டவன்.

ஆனால் நாட்காட்டியைக் கொஞ்சம் பாருங்கள் ஐயா. டேவிஸ் 2001 ஜனவரி கடைசியில் என்.எஃப்.எல்.லின் கிளீவ்லேண்ட் பிரவுன்ஸ் அணிக்குக் கிளம்பிவிட்டார். பள்ளி மாணவர்கள் எந்தக் கல்லூரி என்று கையெழுத்துப் போடும் நாள் அப்போது பிப்ரவரி முதல் வாரத்தில் இருந்தது. நிச்சயதார்த்தம் நடத்தியவர் ஊரைவிட்டே போய்விட்டார், முகூர்த்தத்துக்குப் பத்து நாள்கூட இல்லை! வீட்டுக்கு வந்து அம்மாவிடம் "உங்க பையனை நான் பார்த்துக்கறேன்" என்று வாக்குக் கொடுத்த மனிதர் இப்போது இல்லை என்றால், 17 வயசுப் பையன் என்ன நினைப்பான்? போட்டிக் கல்லூரிகளிலிருந்து போன் வராமல் இருக்குமா?

அந்த வாரத்தில்தான் கோக்கர் தலைமைப் பயிற்சியாளர் ஆனார். ஓக்லஹோமாக்காரர், 52 வயது. அதுவரை எந்தக் கல்லூரி அணிக்கும் தலைமை வகித்ததில்லை. "இவரையே போடுங்கள்" என்று விளையாட்டு இயக்குநர் பால் டீயிடம் போய்க் கேட்டவர்கள் அணியின் மூத்த வீரர்கள். அந்த பிப்ரவரியில் சேர்ந்தவர்கள் யார் தெரியுமா? ஷான் டெய்லர், ஃபிராங்க் கோர், வின்ஸ் வில்ஃபோர்க், ஆன்ட்ரல் ரோல். பேசி வைத்தது டேவிஸ் காலம், கையைப் பிடித்து உள்ளே அழைத்து வந்தது கோக்கர் காலம். இவர்களை யார் கணக்கில் எழுதுவீர்கள்? அதோடு 1995 முதல் ஆறு வருடம் டேவிஸுக்குப் பக்கத்தில் இருந்து தாக்குதல் ஆட்டத்தை நடத்தியவரே கோக்கர்தான். பந்தை வீசி ஆட்டத்தை நடத்தும் குவார்ட்டர்பேக் கென் டோர்சியை வளர்த்தது அவர் கை. "டேவிஸின் ஆட்கள்" என்று நீங்கள் சொல்லும் பட்டியலில் கோக்கரின் வியர்வையும் இருக்கிறது.

அடுத்து, "அந்த அணியை வைத்து யார் வேண்டுமானாலும் ஜெயித்திருப்பார்கள்" என்றார் எதிரணியில் பேசிய அந்த அம்மா. அறுக்கத் தெரியாதவன் இடுப்பில் ஐம்பத்தெட்டு அரிவாள் இருந்து என்ன பயன் அம்மா? 2000இல் டேவிஸிடமும் தற்காப்பு வீரர் எட் ரீட் இருந்தார், டோர்சி இருந்தார், போதாததற்குப் பந்து பிடிப்பதில் கெட்டிக்காரர்களான ரெஜி வெய்னும் சான்டானா மாஸும் இருந்தார்கள். செப்டம்பரில் சியாட்டில் போய் வாஷிங்டன் பல்கலைக்கழகத்திடம் 34-29 என்று தோற்றார்கள். அதன்பின் எல்லாவற்றையும் வென்றும் பட்ட ஆட்டத்துக்கு அழைப்பு வரவில்லை. மயாமியிடமே தோற்ற புளோரிடா ஸ்டேட்டை அனுப்பினார்கள். அது அநியாயம்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்த ஒரு தோல்விதான் அநியாயத்துக்கு வாசலைத் திறந்து விட்டது.

டேவிஸிடம் தற்காப்பு ஆட்டத்தை நடத்திய கிரெக் ஷியானோவும் 2001இல் இல்லை, ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்துக்குப் போய்விட்டார். அந்த இடத்துக்கு ராண்டி ஷானனைக் கொண்டுவந்தவர் கோக்கர். 12 ஆட்டத்தில் அந்தத் தற்காப்பு எதிரிக்கு விட்டது வெறும் 117 புள்ளி.

நவம்பர் 10, பாஸ்டன் காலேஜ் மைதானம். இந்த ஒரு நாளை மட்டும் கொஞ்சம் நின்று பார்ப்போம். டோர்சி வீசிய பந்துகளில் நான்கை எதிரி பிடித்துக்கொண்டார். மயாமி பந்தை எதிரிக் கோட்டுக்குள் கொண்டுபோய் ஒரு டச்டவுன்கூடப் போடவில்லை, உதைத்தே 12 புள்ளி. எதிரி 7. ஒரு நிமிடம்கூட மிச்சமில்லை, பாஸ்டன் காலேஜ் மயாமியின் கோட்டுக்கு 9 கஜத்தில் நிற்கிறது. பந்து பறக்கிறது, மயாமியின் மைக் ரம்ஃபின் காலில் பட்டுத் தெறிக்கிறது, மேட் வால்டர்ஸ் என்ற கனத்த தடுப்பாளர் கையில் விழுகிறது. அவர் திகைத்து ஓட ஆரம்பிக்க, சொந்த அணிக்காரரான எட் ரீட் பின்னாலேயே வந்து அதைப் பிடுங்கிக்கொண்டு 80 கஜம் ஓடி முடிக்கிறார். 18-7.

அந்த ஓட்டம் ரீடுடையது. யாரும் சொல்லிக்கொடுத்ததல்ல. ஆனால் மயிரிழையில் தப்பித்த அணி மறுவாரம் எப்படி எழுந்து வந்தது? அதில்தான் பயிற்சியாளர் தெரிகிறார். சிராக்யூஸை 59-0. அதற்கடுத்த வாரம், செப்டம்பர் 11 தாக்குதலால் தள்ளிப்போன வாஷிங்டன் ஆட்டம். அதே வாஷிங்டன்! 65-7. கடைசியில் பட்ட ஆட்டமான ரோஸ் பவுலில் நெப்ராஸ்காவை 37-14. தலைமைப் பயிற்சியாளராக இருந்த முதல் பருவத்திலேயே தேசியப் பட்டம் வென்றவர், 1948இல் மிச்சிகனின் பென்னி ஊஸ்டர்பானுக்குப் பிறகு இவர்தான்.

பிறகு சரிந்தது உண்மை. அடுத்த பருவங்களின் வெற்றி-தோல்விக் கணக்கு 12-1, 11-2, இரண்டு முறை 9-3, 2006இல் 7-6, வேலையும் போனது. 2005 பீச் பவுல் ஆட்டத்தில் எல்.எஸ்.யு. என்ற லூசியானா ஸ்டேட் 40-3 என்று நொறுக்கிய இரவை நானும் மறைக்கவில்லை. அது கோக்கர் சேர்த்த அணி, அது கோக்கர் தலையில்தான். ஆனால் தோற்றால் கோக்கர், ஜெயித்தால் டேவிஸ் என்றால், வாங்க ஒரு படி, விற்க ஒரு படி என்று வைத்திருக்கும் கடையில் அல்லவா நாம் நிற்கிறோம்?

2003 ஜனவரியில், அடுத்த பருவத்தின் பட்ட ஆட்டமான ஃபியஸ்டா பவுலில், இரண்டு கூடுதல் நேரச் சுற்றுகள் போய் 31-24 என்று மயாமியை நிறுத்தியது ஒஹாயோ ஸ்டேட். அவர்களின் பயிற்சியாளர் ஜிம் டிரெசலும் 2001 ஜனவரியில்தான் வந்தவர். அவருடைய குவார்ட்டர்பேக் கிரேக் கிரென்சல், தற்காப்புத் தூண் மைக் டாஸ், இருவரையும் சேர்த்தவர் முன்னவரான ஜான் கூப்பர். நடுவர் அவர்களே, அந்தக் கோப்பையைக் கூப்பர் வீட்டு வாசலில் கொண்டுபோய் வைக்கச் சொல்லி எதிரணி ஒரு நாளாவது கேட்டதுண்டா?