'வீணாக'க் கலக்கும் தண்ணீர்

நேயர்களுக்கு வணக்கம். ஐப்பசி, கார்த்திகையில் மழை வலுத்தால் செய்திகளில் ஒரு வரி தவறாமல் வரும்: இத்தனை டி.எம்.சி. தண்ணீர் வீணாகக் கடலில் கலந்தது. நானும் விவசாயக் குடும்பம்தான், அந்த ஆதங்கம் எனக்கும் உண்டு. ஆனால் அந்த 'வீணாக' மட்டும் உறுத்தும். பரங்கிப்பேட்டையில் வெள்ளாறு கடலைச் சேரும் கழிமுகத்தில் சில வருடம் சேற்றில் கால் புதையத் திரிந்ததால் வந்த வினை.

நீரோட்டத்தோடு மிதந்து திரியும் நுண்ணிய மிதவை உயிரிகளைப் பிடிக்க ஒரு வலை உண்டு. வேட்டித் துணி மாதிரி நெருக்கமான நெசவு, கூம்பு வடிவம், நுனியில் ஒரு குப்பி. படகின் பின்னால் கட்டிப் பத்து நிமிடம் இழுத்தால் குப்பியில் நீர்த்த சுக்குக் காப்பி நிறத்தில் ஏதோ தேங்கும். முதல் நாள் அதைக் கசடு என்று கொட்டப் போனேன். ஒரு சொட்டை நுண்ணோக்கியில் வைத்தபோதுதான் தெரிந்தது: வட்டத் தட்டுகள், ஊசிகள், சங்கிலியாய்க் கோத்த மணிகள், எல்லாம் கண்ணாடியில் செய்தவை போல. அவை டயாட்டம் என்னும் ஒற்றைச் செல் பாசிகள். நடுவே அரிசி நொய்யைவிடச் சின்னதாக, இரண்டு நீள மீசையோடு துள்ளித் துள்ளி ஓடுவது கோப்பிபாட். டயாட்டத்தை அது தின்னும், அதை மீன்குஞ்சு தின்னும்.

டயாட்டத்தின் அந்தக் கண்ணாடி ஓடு சிலிக்காவால் ஆனது. சிலிக்கா எங்கிருந்து வருகிறது? சேலம் பக்கத்து மலைப் பாறைகள் மழையில் கரைந்து, ஆற்றோடு வருகிறது. கூடவே வண்டலும் வயல்களின் தழைச்சத்தும். சேத்தியாத்தோப்பு அணைக்கட்டைத் தாண்டி வருகிற வெள்ளம் கடலுக்குக் கொண்டுபோகும் சீர்வரிசை என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

வெள்ளம் ஓடும்போதே விருந்து நடக்காது. கலங்கல் வெயிலை மறைக்கும், கழியின் உப்பு ஏறக்குறைய இல்லாமல் போகும், இருக்கிற பாசியும் அடித்துக்கொண்டு போகும். மழை ஓய்ந்து ஓதம், அதாவது கடலின் ஏற்றநீர், உள்ளே ஏறும்போது உப்புநீர் பட்ட களிமண் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டி அடியில் படியும். தண்ணீர் தெளிந்து வெயில் இறங்கும். அப்புறம் கோடை வரைக்கும் டயாட்டங்களுக்குக் கொண்டாட்டம்தான்.

இதில் எனக்குப் பிடித்த ஆள் இறால் குஞ்சு. வெள்ளை இறால் முட்டை விடுவது கடலில். பொரித்த குஞ்சு முதலில் தன் மஞ்சள் கருவைக் கொண்டே பிழைக்கும், பிறகு டயாட்டம் தின்னும். இரண்டு மூன்று வாரத்தில் அது கழிக்குள் வந்தாக வேண்டும். ஓதத்தை எதிர்த்து நீந்தத் தெம்பில்லை. அதனால் ஒரு தந்திரம்: நீர் உள்ளே ஏறும்போது மேலே மிதக்கும், வற்றும்போது அடியில் போய் ஒண்டிக்கொள்ளும். இப்படி ஓசிப் பயணத்திலேயே பிச்சாவரம் அலையாத்திக் கால்வாய்கள் வரை வந்துவிடும். சில மாதம் தின்று கொழுத்துக் கடலுக்குத் திரும்பும்.

கரையில் உமரி படர்ந்த உவர்நிலம் பார்க்கிறவர்களுக்குத் தரிசு. உப்பு ஏறினால் சிவந்து நிற்கும் அந்தச் செடியை எங்கள் ஊர்ப் பக்கம் கீரையாகவும் சமைப்பார்கள். சமையலுக்கு உப்பு போட வேண்டியதில்லை. உதிர்ந்த தழை சேற்றில் மட்கும், அதன்மேல் பாக்டீரியா ஏறும். அந்த மட்கை மடவை மீன் சேற்றோடு வாரி விழுங்கும். பாசி குறையும் மழைக்காலத்தில் கழிக்குச் சோறு போடுவது பெரும்பாலும் இதுதான்.

ஆற்றில் வரத்துக் குறைந்தால் இன்னொன்றும் நடக்கும். அலை கொண்டுவந்து குவிக்கும் மணலைத் தள்ள ஆளில்லாமல் முகத்துவாரம் தூர்ந்துபோகும். குஞ்சு உள்ளே வர வழியில்லை, படகு வெளியே போகவும் வழியில்லை.

ஒருமுறை கார்த்திகை வெள்ளத்தில் வலையைத் தூக்கிக்கொண்டு துறைக்குப் போனேன். படகுக்காரப் பெரியவர் துடுப்பையே எடுக்கவில்லை. "இப்ப ஆறு கழியக் கழுவிக்கிட்டு இருக்கு தம்பி. தண்ணி தெளிஞ்சு பச்சை தட்டட்டும், அப்புறம் வாங்க" என்றார். தை பிறந்த பிறகுதான் போனேன். குப்பி நிறைந்தது.