42 சீட்டுகள், இரண்டு ரொட்டிகள்

வணக்கம். மேடையேறும் முன் ஒரு தங்கை கேட்டார்: "நீங்கள் பீட்டா கட்சியா, கேல் கட்சியா?" 'தி ஹங்கர் கேம்ஸ்' நாவலின் நாயகி காட்னிஸுக்கு ஏற்ற ஜோடி பீட்டாவா, கேலா என்ற வாசகர் சண்டைதான் அது. சிரித்துச் சமாளித்துவிட்டு வந்தேன். முதலில் ஒரு கணக்குப் போடுவோம், அப்புறம் கட்சி.

சுசான் காலின்ஸின் 'தி ஹங்கர் கேம்ஸ்' 2008இல் வந்தது. பனெம் என்ற நாட்டில் தலைநகருக்கு அடங்கிய 12 மாவட்டங்கள். வருடந்தோறும் குலுக்கலில் 24 பிள்ளைகளை எடுத்து, ஒருவர் மிஞ்சும்வரை மோதவிட்டு வேடிக்கை பார்க்கிறார்கள். குலுக்கல்தானே, எல்லோருக்கும் ஒரே வாய்ப்பு என்று நினைப்போம். அதுதான் இல்லை. 12 வயதில் உங்கள் பெயரில் ஒரு சீட்டு, பிறகு வருடத்துக்கு ஒன்று கூடும். வீட்டில் பசியா? கூடுதலாக ஒரு சீட்டுப் போட்டால், ஒரு ஆளுக்கு ஒரு வருடத் தானியமும் எண்ணெயும் தருவார்கள், அதுவும் அரை வயிற்றுக்கு. போட்ட சீட்டு அடுத்தடுத்த வருடங்களிலும் அழியாது. அம்மா, தங்கை, தான் என மூவருக்கு வாங்கிய காட்னிஸுக்கு 16 வயதில் 20 சீட்டு. ஐந்து பேர் வீட்டின் மூத்தவன் கேலுக்கு 18 வயதில் 42. மேயர் மகளுக்கோ வயதுக்கு உரியதோடு சரி.

இந்த ஏற்பாடே ஏழைக்கும் கொஞ்சம் வசதியானவனுக்கும் பகை மூட்டத்தான் என்பது கேலுக்கு நன்றாகத் தெரியும். இருந்தும் வெள்ளை உடையில் வந்து நிற்கும் மேயர் மகளைப் பார்த்ததும் அவளிடம்தான் சுள்ளென்று விழுகிறான். நாவலில் எனக்கு மிகவும் பிடித்த இடம் அது.

சரி, காதலுக்கு வருவோம். இவர்கள் வாழும் 12ஆம் மாவட்டத்தில் நிலக்கரி வெட்டுகிறவர்கள் இருக்கும் பகுதி சீம், கடைக்காரர்கள் தனி. காட்னிஸின் அம்மா மருந்துக்கடை வீட்டுப் பெண், சுரங்கத் தொழிலாளியைக் கட்டிக்கொண்டு சீமுக்கு வந்தவர். அவரைக் கட்டிக்கொள்ள ஆசைப்பட்டவர் பேக்கரிக்காரர், அதாவது பீட்டாவின் அப்பா. ஆக, போட்டி போன தலைமுறையிலேயே தொடங்கிவிட்டது.

காட்னிஸின் அப்பாவும் கேலின் அப்பாவும் ஒரே சுரங்க விபத்தில் இறந்தவர்கள். கேலோடு அவளைச் சேர்த்தது காட்டில் கண்ணி வைத்துப் பிடித்த முயல். பீட்டாவோடு சேர்த்தது, வேண்டுமென்றே கருகவிட்டு, அம்மாவிடம் அடியும் வாங்கி, மழையில் நின்ற அவளை நோக்கி அவன் எறிந்த இரண்டு ரொட்டிகள். இரண்டு உறவுக்கும் வித்து பசிதான். ஆனால் ரொட்டியைக் கருகவிட, வீட்டில் ரொட்டி இருக்க வேண்டும். பீட்டா வீட்டிலும் சாப்பிட்டது விற்காத காய்ந்த ரொட்டி என்பதையும் காலின்ஸ் சொல்லிவிடுகிறார், விடமாட்டார்!

காட்னிஸும் பீட்டாவும் போட்டிக்குப் போகிறார்கள். களத்துக் குகையில் பீட்டா காய்ச்சலில் கிடக்கிறான். காட்னிஸ் முத்தமிடுகிறாள், வானத்திலிருந்து சூடான சூப் இறங்குகிறது. தலைநகரத்துப் பணக்காரர்கள் காசு கொடுத்தால்தான் பரிசு வரும். ஒரு முத்தத்துக்கு ஒரு பாத்திரம் சூப் என்று விலையைப் புரிந்துகொள்கிறாள். அதற்குப் பிறகு எந்த முத்தம் நிஜம் என்பது அவளுக்கே குழப்பம்.

வேடிக்கை பார்ப்பவர்களுக்குக் காட்டும் அந்தக் காதல் கதைக்கு கேல் இடைஞ்சல். ஆள் அழகன் வேறு. என்ன செய்தார்கள் தெரியுமா? சீம்காரர்களுக்கே உரிய கருமுடியும் சாம்பல் கண்ணும் இருவருக்கும் இருக்கிறதே, அவனை அவளுடைய கசின் என்று உலகத்துக்கு அறிவித்துவிட்டார்கள். நம்மூராக இருந்தால் மாமன் மகன் என்று சொல்லி, அடுத்த முகூர்த்தத்துக்கே தேதி குறித்திருப்பார்கள்!

மேடையேறும் முன் கேட்ட தங்கைக்குச் சொல்ல வேண்டிய பதில் பாக்கி இருக்கிறது. நான் கேல் கட்சி, அந்த 42 சீட்டுக்காக. காட்னிஸ் அவனைத்தான் கட்டிக்கொள்ள வேண்டும் என்று மட்டும் கேட்க மாட்டேன்.