மாட்டுக்குப் போடும் ஊசியும் மாயாற்றுப் பாறுகளும்

நேயர்களுக்கு வணக்கம்.

மாடு செத்துப்போனால் அதை என்ன செய்வது? மாடு வைத்திருக்கும் எந்த வீட்டிலும் என்றாவது ஒருநாள் இந்தக் கேள்வி வந்தே தீரும். நீலகிரியின் வடக்குச் சரிவில், மசினகுடி, வாழைத்தோட்டம், ஆனைகட்டி பக்கத்து ஊர்களில் கால்நடை மருத்துவராக வேலை பார்த்தவன் நான். மாட்டைப் பிழைக்கவைப்பது என் தொழில். பிழைக்காமல் போன மாட்டை ஏற்றுக்கொள்ள அந்த வனத்தில் வேறு சிலர் காத்திருந்தார்கள். அவர்கள்தான் பாறுகள். பிணந்தின்னிக் கழுகு என்றும் சொல்வோம். ஓய்வு பெற்றபின் இருநோக்கியும் கையுமாக அவற்றைப் பார்ப்பதிலேயே பொழுது போகிறது.

அந்தச் சரிவின் அடியில் ஓடும் மாயாற்றின் பள்ளத்தாக்கில் நான்கு வகைப் பாறுகள் உண்டு. அதிகம் தென்படுவது வெண்முதுகுப் பாறு. ஆற்றோரத்து நீர்மருது மரங்களில் கூடு கட்டும். கருங்கழுத்துப் பாறு பாறை முகடுகளின் விளிம்பில் வசிக்கும். செந்தலைப் பாறு தனியாகவோ சோடியாகவோ திரியும்; கூட்டம் சேராது. நான்காவதான மஞ்சள்முகப் பாறு இங்கே மிகவும் அரிது. திருக்கழுக்குன்றம் மலைக்கோயிலில் உச்சிவேளையில் வந்து சோறு தின்றுவிட்டுப் போன இரண்டு பறவைகளும் இந்த வகைதான். அந்த வருகை நின்று பல ஆண்டுகளாகிவிட்டன.

பாறு இரை தேடும் விதத்தைச் சொல்கிறேன். நம் நாட்டுப் பாறுகளுக்குக் கண்தான் எல்லாம். மோப்பத்தை நம்பி அவை வருவதில்லை. வெயில் ஏறித் தரை சூடானதும் மேலெழும் காற்றில் இறக்கையை விரித்து வட்டமிடும். ஒவ்வொன்றும் கீழே தரையைப் பார்க்கும். கூடவே, தூரத்தில் பறக்கிற மற்றப் பாறுகளையும் பார்த்துக்கொண்டிருக்கும். ஒன்று சரிந்து இறங்கினால் பக்கத்து வானத்தில் இருப்பதும் திரும்பும், அதைப் பார்த்து அதற்கடுத்ததும் வரும். வெறும் வானமாக இருந்த இடத்தில் சிறிது நேரத்தில் இருபது முப்பது பறவைகள் சேர்வது இப்படித்தான்.

ஒருமுறை ஆற்றுக்கு இந்தப் பக்கம் செத்துக் கிடந்த எருமை ஒன்றைத் தொலைவிலிருந்து பார்த்தேன். முதலில் காக்கைகள் வந்து கண்ணைக் கொத்தின. பிறகு செந்தலைப் பாறு ஒன்று வந்து, ஓரமாக நின்று நெடுநேரம் யோசித்தது. அதற்கு அலகில் பலம் அதிகம். தடித்த தோலைக் கிழிக்கும். வெண்முதுகுப் பாறுகள் கால்களைத் தொங்கவிட்டுக்கொண்டு ஒவ்வொன்றாய் இறங்கியதும், அது ஒதுங்கிப் போய்விட்டது. அதன்பின் ஒரே அடிதடி. சீறுவதும், இறக்கையை விரித்து மிரட்டுவதும், ஒன்றன் முதுகில் ஒன்று ஏறுவதும், பந்தியில் இடம் பிடிக்கிற கல்யாண வீடு தோற்றது போங்கள். ஒரு பறவை எருமையின் பின்பக்க வழியாகத் தலையை விட்டது. தோள்வரை உள்ளே போய் வெளியே வந்தபோது கழுத்தெல்லாம் ரத்தம். அந்தக் கழுத்தில் அடர்ந்த இறகு இருந்திருந்தால் அத்தனையும் ஒட்டிக் காய்ந்து நாறியிருக்கும். நாம் அழகில்லை என்று முகம் சுளிக்கிற மொட்டைத் தலைக்கும் கழுத்துக்கும் இப்படி ஒரு வசதி. நாக்கின் விளிம்பில் பின்னோக்கி வளைந்த முள் வரிசை இருக்கிறது. வழுக்குகிற சதை அதில் மாட்டிக்கொள்ளும்.

தின்று முடித்தவற்றின் தொண்டைப் பை பந்துபோல் உப்பியிருந்தது. உடனே பறக்க முடியவில்லை. தத்தித் தத்தி ஓடித்தான் எழுந்தன. நேராக ஆற்று மணலுக்குப் போய், தண்ணீரில் முங்கிக் குளித்து, இறக்கையை விரித்து வெயிலில் காயவைத்தன. அசுத்தப் பறவை என்பவர்களுக்கு அந்தக் குளியலைக் காட்டவேண்டும். மிச்சமிருந்த எலும்புக்கு இரவில் கழுதைப்புலி வரும். மாயாற்றுப் பக்கம் அவையும் உண்டு.

பாறின் இரைப்பை அமிலம் மிகக் கடுமையானது. அழுகிய இறைச்சியில் இருக்கும் பெரும்பாலான கிருமிகள் அதில் பிழைப்பதில்லை. நாயோ எலியோ தின்றால் பரவக்கூடிய நோய் இங்கே அடங்கிவிடுகிறது. ஆனால் ஒரு எச்சரிக்கை. அடைப்பான் (ஆந்த்ராக்ஸ்) நோயில் செத்ததாகச் சந்தேகம் இருக்கும் மாட்டை யாரும் திறக்கவே கூடாது. மூக்கிலும் ஆசனவாயிலும் உறையாத கறுப்பு ரத்தம் கசிந்தால் மருத்துவருக்குச் சொல்லி, எரிக்கவோ சுண்ணாம்பு போட்டு ஆழப் புதைக்கவோ வேண்டும். பாறுக்கு உணவாகட்டும் என்று அதை விட்டுவைக்காதீர்கள். அந்தக் கிருமியின் வித்து மண்ணில் பல பத்தாண்டுகள் கிடக்கும்.

1980-களில் இந்தியா முழுக்கப் பாறுகள் கோடிக்கணக்கில் இருந்தன. 1990-களில் சரியத் தொடங்கின. 1992-க்கும் 2007-க்கும் இடையில் வெண்முதுகுப் பாறுகளில் ஆயிரத்துக்கு ஒன்றுதான் மிஞ்சியது. ராஜஸ்தானில் பரத்பூர் சரணாலயத்தில், கழுத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு மரத்தில் உட்கார்ந்திருந்த பறவைகள் சில நாளில் கீழே விழுந்து செத்தன. புதிய நோயாக இருக்குமோ என்று தேடினார்கள். பாகிஸ்தானில் நடந்த ஆய்வில் விடை கிடைத்து, 2004-ல் வெளியானது. காரணம் டைக்ளோஃபினாக். மாட்டுக்குக் காய்ச்சல், மடிவீக்கம், கால்வலி என்றால் போடுகிற வலி ஊசி.

மாட்டுக்கு அது கெடுதி செய்யாது. பிழைத்த மாட்டின் உடம்பிலிருந்து சில நாளில் வெளியேறிவிடும். சிக்கல், ஊசி போட்டும் பிழைக்காத மாட்டில்தான். மருந்து அதன் ஈரலிலும் சிறுநீரகத்திலும் தங்கியிருக்கும். அதைத் தின்ற பாறின் சிறுநீரகம் செயலிழக்கும். யூரிக் அமிலம் வெளியேற வழியின்றி இதயத்தின் மேலும் ஈரலின் மேலும் சுண்ணாம்பு பூசியதுபோல் வெள்ளையாகப் படியும். அறுத்துப் பார்த்தால் கண்ணுக்கே தெரியும். நாட்டில் சாகிற மாடுகளில் நூற்றுக்கு ஒன்றில்கூட இந்த மருந்து இருக்கத் தேவையில்லை. ஒரே பிணத்தில் நாற்பது ஐம்பது பறவைகள் கூடுவதால் அத்தனையும் போய்விடும்.

போனதால் என்ன என்று கேட்பவர்களுக்கு, ஊர் எல்லையில் இப்போது திரிகிற நாய்க்கூட்டம் ஒரு பதில். மும்பையில், இறந்தவர் உடலைப் பாறுகளுக்கு இரையாக வைக்கும் பார்சிகளின் அமைதிக் கோபுரங்களுக்குப் பாறுகள் வராமல் போனது இன்னொன்று. 2024-ல் வெளியான பொருளாதார ஆய்வு ஒன்று, 2000 முதல் 2005 வரை இந்தியாவில் சுமார் ஐந்து லட்சம் பேர் கூடுதலாகச் செத்ததைப் பாறுகளின் அழிவோடு சேர்த்துப் பார்க்கிறது. வெறிநாய்க்கடியும் தண்ணீர் கெட்டதும் அதற்கு வழிகள் என்கிறது.

கால்நடைக்கு டைக்ளோஃபினாக் கூடாது என்று 2006-ல் தடை வந்தது. மனிதருக்கான 30 மில்லிக் குப்பியை மாட்டுக்கு வாங்கிப் போட்டார்கள். 2015-ல் அந்தக் குப்பியும் 3 மில்லி என்று சுருக்கப்பட்டது. ஒரு மாட்டுக்கு நாலைந்து குப்பி உடைக்கவேண்டும் என்றால் யாருக்கும் சலிப்பு வரும்; சட்டம் எழுதியவர்களில் யாரோ தொழில் தெரிந்தவர் இருந்திருக்கிறார். அதேபோல் பாறுக்குக் கேடு செய்யும் வலி மருந்துகளான அசிக்ளோஃபினாக், கீட்டோப்ரோஃபென் இரண்டையும் கால்நடைக்குப் போட 2023-ல் தடை வந்தது. அடுத்த ஆண்டு இறுதியில் நிமுசுலைடுக்கும் வந்தது. பாறுக்குக் கேடில்லாத மருந்துகள் மெலாக்சிகாமும் டோல்ஃபெனாமிக் அமிலமும். வேலையும் நன்றாகவே செய்கின்றன.

மருந்து ஒன்று, விஷம் இன்னொன்று. புலி அடித்த மாட்டின்மீது, வயிற்றெரிச்சலில் பூச்சிமருந்தைத் தூவிவிடுவோர் உண்டு. அந்த ஆத்திரம் எனக்குப் புரிகிறது. கறவை மாடு என்பது குடும்பத்தின் வரும்படி. இழப்பீடு தாமதமின்றிக் கைக்கு வந்தால் அது பெருமளவு தணியும். புலிக்கு வைத்த விஷத்தில் பாறுகளும் சாகின்றன. வெண்முதுகுப் பாறுச் சோடி ஆண்டுக்கு ஒரே ஒரு முட்டைதான் இடும். குஞ்சு வளர்ந்து தானும் முட்டையிட ஐந்தாண்டு ஆகும். போன பத்துப் பறவைக்கு ஈடுகட்ட அந்தக் கூட்டத்துக்கு எத்தனை காலம் பிடிக்கும் என்று நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள்.

பார்க்க விரும்புகிறவர்களுக்கு: மசினகுடிச் சாலையிலிருந்தே, காலை ஒன்பது பத்து மணிக்கு மேல், வானத்தைப் பாருங்கள். வால் பிளவுபட்டிருந்தால் அது கள்ளப்பருந்து. அகன்ற இறக்கை, குட்டை வால், இறக்கையின் அடியில் முன்பாதி வெள்ளை, பின்பாதி கறுப்பு என்றால் வெண்முதுகுப் பாறு. திரும்பும்போது முதுகிலும் வெள்ளை பளிச்சிடும். உடம்பு முழுக்கக் கறுப்பாகவும் தலை மட்டும் சிவப்பாகவும் தெரிந்தால் உங்களுக்கு நல்ல நாள். குளிர்காலம் முழுக்கக் கூட்டில் முட்டையோ குஞ்சோ இருக்கும். கூட்டு மரத்தருகே போகாதீர்கள், படமெடுக்கக்கூட. முதுமலைப் புலிகள் காப்பகத்துக்குள் அனுமதியின்றி இறங்குவதும் கூடாது.

மாடு வைத்திருக்கும் நேயர்கள் அடுத்தமுறை ஊசி போட ஆள் வரும்போது மருந்தின் பெயரைக் கேட்டு, குப்பியை வாங்கிப் படித்துப் பாருங்கள். மாடு செத்துப்போனால், கடைசி ஒரு வாரத்தில் என்ன ஊசி போட்டோம் என்பதை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். தடை செய்த மருந்து, அல்லது பெயர் தெரியாத மருந்து என்றால், மாட்டைப் புதைத்துவிடுங்கள்.

நன்றி, வணக்கம்.