மரத் தரைமேல் லேமினேட்: பிளாஸ்டிக் தாளை விரிப்பதற்கு முன் பாருங்கள்

வணக்கம். பழைய மரத் தரையின் மேல் லேமினேட், அதாவது ஒன்றோடொன்று பூட்டிக்கொள்ளும் மரத்தோற்றப் பலகைகள், போடும்போது பலரும் தவறாமல் வாங்கி விரிக்கும் ஒரு பொருள், அந்தத் தரையை அடியிலிருந்தே மக்க வைக்கக்கூடும். ஈரத்தைத் தடுக்கும் என்ற நம்பிக்கையில் நாம் வாங்கும் பிளாஸ்டிக் தாள்தான் அது.

பின்னணியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். லண்டனில் நம்மவர்கள் வாழும் ஈஸ்ட் ஹாம், டூட்டிங் போன்ற பகுதிகளில் 1914-க்கு முன் கட்டப்பட்ட தொடர்வீடுகள் ஏராளம். அவற்றின் கீழ்த்தளத் தரை பெரும்பாலும் மண்ணைத் தொடாது. மரச் சட்டங்களின் மேல் பலகைகள் ஆணியடிக்கப்பட்டிருக்கும். அடியில் வெற்றிடம், அதற்கும் கீழே மண். வெளிச்சுவரின் அடிப்பகுதியில் துளைகளுடன் பதித்திருக்கும் ஏர் பிரிக் வழியாகக் காற்று அந்த வெற்றிடத்துக்குள் புகுந்து வெளியேறும்.

(காட்சி: வலைப்பையில் வெங்காயம், பக்கத்தில் பிளாஸ்டிக் பையில் கட்டிய வெங்காயம்.)

வெங்காயத்தை நாம் சாக்கிலோ வலைப்பையிலோதான் வைக்கிறோம். பிளாஸ்டிக் பையில் இறுக்கிக் கட்டினால் அதன் ஈரமே அதை அழுக வைத்துவிடும். தரைப் பலகையும் இப்படித்தான். மண்ணிலிருந்து எழும் ஈரத்தைச் சிறிது உறிஞ்சிக்கொண்டு, கீழ்ப்புறமாகவும் மேற்புறமாகவும் அதைக் காற்றில் விட்டுவிட்டு, நூறாண்டுக்கு மேலாக அது கெடாமல் இருந்திருக்கிறது. மேற்புறத்தைப் பிளாஸ்டிக்கால் மூடினால் ஒரு வழி அடைபடுகிறது. ஏர் பிரிக்கும் அடைத்திருந்தால் மறு வழியும் போய்விடுகிறது. மரத்தின் ஈரப்பதம் 20 விழுக்காட்டைத் தாண்டி அங்கேயே நீடித்தால், மரத்தை மக்கச் செய்யும் பூஞ்சை வளரத் தொடங்கும். கான்கிரீட் தரைக்கு இதே தாள் தேவை, ஏனெனில் கான்கிரீட் மக்குவதில்லை. மேலேறும் ஈரத்திலிருந்து லேமினேட்டைக் காப்பது மட்டுமே அங்கு அதன் வேலை. லேமினேட்டுக்கு அடியில் விரிக்கும் விரிப்பான அண்டர்லே சிலவற்றில் இந்தப் பிளாஸ்டிக் படலம் ஒட்டியே வருவதால், உறையில் எழுதியிருப்பதைப் படித்துவிட்டு வாங்குங்கள்.

அப்படியானால் எதை விரிப்பது? என் தேர்வு, 5 முதல் 7 மில்லிமீட்டர் வரை தடிமனுள்ள மரநார்ப் பலகை. அது காற்றும் ஆவியும் புகவிடும். பழைய பலகைகளுக்கு இடையிலுள்ள சிறு மேடுபள்ளங்களையும் தாங்கிக்கொள்ளும். ஈரத்தை உறிஞ்சும் என்பதால், தரையில் ஈரக் கோளாறு இருந்தால் அதை முதலில் சரிசெய்ய வேண்டும். மெத்தென்ற தடித்த ஃபோம் காலுக்கு இதமாக இருக்கலாம். ஆனால் மிதிக்கும்போதெல்லாம் அது அமுங்கி எழுவதால், லேமினேட்டின் பூட்டு இணைப்புகள் நாளடைவில் உடைந்துபோகும். கம்பளத்துக்கான அண்டர்லேயை இதற்குப் பயன்படுத்தவே கூடாது.

குளிருக்காகத் தடித்த அண்டர்லே தேடுவோருக்கு ஒரு கணக்கு: 5 மில்லிமீட்டர் ஃபோமைவிட, சட்டங்களுக்கு இடையே பொருத்தும் 100 மில்லிமீட்டர் கனிமக் கம்பளி (பாறை அல்லது கண்ணாடி இழையாலான மெத்தை) வெப்பத்தை ஏறத்தாழ 18 மடங்கு அதிகமாகத் தடுக்கும். பலகையைக் கழற்றும் வேலை இருந்தாலும், அந்தப் பணத்தை அங்கே செலவிடுவதே சரி.

மாடியிலுள்ள அடுக்ககமாக இருந்தால், கீழ்வீட்டுக்குச் சத்தம் போகாதிருக்கக் கம்பளம் கட்டாயமா என்று முதலில் குத்தகைப் பத்திரத்தைப் பாருங்கள்.

வேலையைத் தொடங்குவதற்கு முன், கிரீச்சிடும் பலகைகளைச் சட்டத்தோடு திருகாணியால் இறுக்குங்கள். அடியில் தண்ணீர்க் குழாயோ மின்கம்பியோ ஓடுகிறதா என்று பார்த்த பிறகே துளையிடுங்கள். இன்றே வெளியே சென்று, உங்கள் வீட்டு ஏர் பிரிக்குகளில் எத்தனை மண்ணாலோ செடியாலோ மூடியிருக்கின்றன என்று எண்ணி, கருத்துப் பகுதியில் எழுதுங்கள்.