கூடிப் பார்த்ததால்தான் அறிவியல்

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அவையோரே, வணக்கம்.

நவீன அறிவியலை வளர்த்தது தனி மேதைகளா, கூடிப் பேசிய கழகங்களா என்பது தலைப்பு. நான் கழகங்களின் பக்கம். எனக்கு முன்னால் பேசிய தம்பி, கொள்ளைநோய்க் காலத்தில் நியூட்டன் சொந்த ஊருக்குப் போய்த் தனியே உட்கார்ந்து சிந்தித்ததை அழகாகச் சொல்லிக் கைத்தட்டல் வாங்கினார். நானும் தட்டினேன். ஆனால் தம்பி, கதையைப் பாதியிலேயே விட்டுவிட்டீர்கள். மீதிக்கு அப்புறம் வருகிறேன். முதலில் ஒரு துணி வியாபாரியைப் பார்ப்போம்.

நெதர்லாந்தின் டெல்ஃப்ட் நகரத்துக்காரர், பெயர் லேவன்ஹூக். பல்கலைக்கழகப் பக்கம் போனதில்லை, தெரிந்த மொழி டச்சு மட்டும். தானே செய்த சின்னஞ்சிறு கண்ணாடி வில்லை (லென்ஸ்) வழியாக எதையாவது பார்த்துக்கொண்டே இருப்பார். மிளகு ஏன் காரமாக இருக்கிறது என்று அவருக்கு ஒரு சந்தேகம். மிளகைத் தண்ணீரில் ஊறப்போட்டு, அந்த நீரை வில்லை வழியாகப் பார்த்தார். காரத்தின் காரணம் கிடைக்கவில்லை. தண்ணீருக்குள் கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் நீந்திக்கொண்டிருந்தன! 1676இல் லண்டன் ராயல் சொசைட்டி என்ற அறிவியல் கழகத்துக்கு அதைக் கடிதமாக எழுதினார்.

எதிரணிக்காரர்கள் சொல்வார்கள்: "பார்த்தீர்களா, தனி ஆள்தானே கண்டுபிடித்தார்!" சரி, கண்டுபிடித்தார். நம்பியது யார்? ஒரு துளி நீரில் ஆயிரக்கணக்கில் உயிர்கள் என்று ஒரு துணிக்கடைக்காரர் சொன்னால் ஊர் சிரிக்காதா? அவரோ தன் வில்லை ரகசியத்தைச் சொல்ல மறுத்துவிட்டார். பாதிரியார்கள் உட்பட எட்டுப் பேரிடம் சாட்சி எழுதி வாங்கி அனுப்பினார்.

கழகம் அவரைத் தூக்கி எறியவும் இல்லை, தலையில் வைத்து ஆடவும் இல்லை. தனக்காகச் சோதனைகள் செய்துவந்த ராபர்ட் ஹூக்கிடம், "நீங்கள் செய்து காட்டுங்கள்" என்றது. ஹூக்கும் மிளகை ஊறப்போட்டார். முதலில் ஒன்றும் தெரியவில்லை. மெல்லிய கண்ணாடிக் குழாய்களில் நீரை எடுத்து, நல்ல நுண்ணோக்கி வைத்து மறுபடி பார்த்தார். 1677 நவம்பரில், கட்டடக் கலைஞர் கிறிஸ்டோபர் ரென் போன்றவர்கள் வரிசையாக வந்து கண்ணை வைத்துப் பார்த்து, "ஆமாம், இருக்கிறது" என்றார்கள். நுண்ணுயிர் உலகம் உண்மையானது அன்றைக்குத்தான். 1680இல் அந்தத் துணி வியாபாரியைக் கழகத்தின் உறுப்பினராகவும் ஆக்கினார்கள்.

கூடிச் செய்து பார்க்கும் இந்தப் பழக்கம் அவர்களுக்குத் தொடக்கத்திலிருந்தே உண்டு. 1660 நவம்பர் 28 அன்று கிரெஷாம் கல்லூரியில் ஒரு சொற்பொழிவு முடிந்ததும் பன்னிரண்டு பேர் உட்கார்ந்து பேசி ஆரம்பித்த கழகம் அது. மறு வருடமே ஒரு வேடிக்கை செய்தார்கள். ஒற்றைக்கொம்புக் குதிரையின் கொம்பு என்று சொல்லப்பட்ட பொடியை வட்டமாகத் தூவி, நடுவில் ஒரு சிலந்தியை விட்டார்கள். அந்தக் கொம்பு விஷத்தை அடக்கும் என்பது காலங்காலமான நம்பிக்கை. சிலந்தி வட்டத்தைத் தாண்டி ஓடியது. மறுபடி விட்டார்கள், மறுபடி ஓடியது. அதையும் குறிப்பேட்டில் எழுதி வைத்தார்கள். சிரிக்காதீர்கள், இன்றைக்கு வாட்ஸ்அப்பில் வரும் வைத்தியத்துக்கு நம் வீட்டில் யார் சிலந்தி விட்டுப் பார்க்கிறோம்?

கழகத்தில் குறையே இல்லை என்று நான் வாதாட மாட்டேன். 1945 வரை ஒரு பெண்ணைக்கூட அவர்கள் உறுப்பினராகச் சேர்க்கவில்லை. அந்த வெட்கக்கேட்டை எதிரணி எடுத்துச் சொன்னால் தலைகுனிந்து கேட்டுக்கொள்கிறேன்.

இப்போது நியூட்டன். 1684 ஜனவரியில் ரென், ஹூக், வானியலாளர் ஹாலி மூவரும் கோள்களின் பாதை பற்றி வாக்குவாதம் செய்தார்கள். இரண்டு மாதத்தில் நிரூபிப்பவருக்கு நாற்பது ஷில்லிங் மதிப்புள்ள புத்தகம் பரிசு என்றார் ரென். யாராலும் முடியவில்லை. ஆகஸ்டில் ஹாலி கேம்பிரிட்ஜ் போய் நியூட்டனிடம் கேட்டார். "நீள்வட்டம்தான், எப்போதோ கணக்குப் போட்டுவிட்டேன்" என்றார் அவர். காகிதம் எங்கே என்றால், தேடிப் பார்த்தும் கிடைக்கவில்லை! மேதை தனியாக இருந்தால் இதுதான் கதி. ஹாலி விடாமல் பின்னாலேயே நின்று எழுத வைத்தார். 1687இல் நியூட்டனின் புகழ்பெற்ற நூலான பிரின்சிபியா வெளிவந்தது. கழகம் மீன்களைப் பற்றிய பெரிய புத்தகம் ஒன்றில் பணத்தையெல்லாம் போட்டுக் கையைச் சுட்டுக்கொண்டிருந்ததால், அச்சுக்கூலியை ஹாலி தன் கைக்காசிலிருந்து கொடுத்தார். அவருக்கு வரவேண்டிய சம்பளத்துக்கோ, விற்காத மீன் புத்தகங்களைக் கொடுத்தார்கள், பாவம்.

மணி அடித்துவிட்டார்கள், ஒரே ஒரு கேள்வி. தனிமையிலேயே இருக்க விரும்பியவர் என்று தம்பி புகழ்ந்த அந்த நியூட்டன், 1703 முதல் 1727இல் சாகும்வரை அதே கழகத்தின் தலைவர் நாற்காலியில் ஏன் உட்கார்ந்திருந்தார்? எதிரணி பதில் சொல்லட்டும். நன்றி, வணக்கம்.