வாடகை பேசப் போகும் முன் உங்களுக்கு என்ன வேண்டும்?

அடுத்த கேள்வி குரோம்பேட்டையிலிருந்து ஒரு தங்கை அனுப்பியிருக்கிறார். படிக்கிறேன்.

"மாதம் 15,000 ரூபாய் வாடகை கொடுக்கிறோம். மே கடைசியில் அக்ரிமென்ட் முடிகிறது. ஹவுஸ் ஓனர் 10 சதவீதம் ஏற்றிக் கேட்கிறார். குறைக்கச் சொல்லலாம் என்று மாடிக்குப் போகிறேன், அவர் பேச ஆரம்பித்ததும் சரி என்று தலையாட்டிவிட்டு வந்துவிடுகிறேன். மோட்டார் வேறு அடிக்கடி கெட்டுப்போகிறது. பையன் இந்த வருடம் பத்தாவது. தைரியமாகப் பேசுவது எப்படி?"

தங்கச்சி, தைரியத்தை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். உங்கள் கேள்வியில் கடைசியாக, போகிற போக்கில் ஒன்று சொல்லியிருக்கிறீர்கள்: பையன் பத்தாவது. எனக்கு அதுதான் முதலில் கண்ணில் பட்டது. நீங்கள் மாடி ஏறும்போது மனதில் இருப்பது 1,500 ரூபாய். ஆனால் உங்கள் வீட்டுக்கு இந்த வருடம் உண்மையில் வேண்டியது, பொதுத்தேர்வு முடியும்வரை யாரும் காலி செய்யச் சொல்லக்கூடாது என்பது. இல்லையா?

இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். சில வருடங்களுக்கு முன் ஒரு வீட்டில் அரை மணி நேரம் பேசி 500 ரூபாய் குறைத்தேன். பெரிய வெற்றி என்று நினைத்தேன். ஐந்தாவது மாதம், ஓனருடைய மகள் குடும்பத்தோடு வருகிறார், காலி செய்யுங்கள் என்றார்கள். அக்ரிமென்ட்டில் ஒரு மாத நோட்டீஸ் என்று இருந்தது. ஜனவரியில், பள்ளி நடக்கும்போது, சாமான்களை வேனில் ஏற்றினோம். நோட்டீஸ் காலத்தைப் பற்றி அன்றைக்கு நான் ஒரு வார்த்தை பேசவில்லை. கேட்டிருந்தால் அவர்கள் கொடுத்திருக்கவும் கூடும், ஏனென்றால் அதற்குப் பணம் செலவில்லை.

அதனால் இன்றைக்கு ராத்திரி கணவரோடு உட்கார்ந்து ஒரு கணக்குப் போடுங்கள். 10 சதவீதம் என்றால் 1,500. 11 மாதத்துக்கு 16,500. பாதியாகக் குறைத்தால் மிச்சம் 8,250. சரி, வீடு மாறினால்? புரோக்கருக்கு ஒரு மாத வாடகை, பழைய அட்வான்ஸில் பெயின்டிங் என்று ஒரு மாத வாடகையைப் பிடிப்பார்கள், வேன் கூலி தனி. 30,000 தாண்டிவிடும். அப்படியென்றால் அவர் ஒரு ரூபாய்கூடக் குறைக்காவிட்டாலும் இந்த வருடம் அங்கேயே இருப்பதுதான் உங்களுக்கு லாபம். இது தெரிந்துவிட்டால், கோபத்தில் "நாங்கள் காலி செய்கிறோம்" என்ற வார்த்தை வாயில் வராது.

அவர் பக்கத்தையும் பாருங்கள். வீடு ஒரு மாதம் பூட்டிக் கிடந்தால் அவருக்கு 15,000 போச்சு. அவர் ஏற்றிக் கேட்கிற வருடத் தொகையே கிட்டத்தட்ட அதுதான். ஒழுங்காக வாடகை கொடுக்கிற குடும்பத்தை அனுப்ப அவருக்கும் மனம் வராது. நீங்கள் கெஞ்சப் போகவில்லை என்பது அந்தக் கணக்கைப் பார்த்தாலே புரியும்.

கணவரோடு என்று ஏன் சொன்னேன் தெரியுமா? நீங்கள் குறைக்கச் சொல்லும்போது பக்கத்தில் அவர் "பரவாயில்லை சார், கொடுத்துவிடலாம்" என்றால் எல்லாம் முடிந்தது. எது இல்லாமல் முடியாது, எதை விட்டுக்கொடுக்கலாம் என்று வீட்டிலேயே பேசி முடித்துவிடுங்கள். என்னைக் கேட்டால், ஜூனிலிருந்து 11 மாதம் ஏப்ரல் கடைசிவரை வரும், அதுவரை காலி செய்யச் சொல்ல மாட்டோம் என்ற வரியை விடவே கூடாது. அடுத்தது மோட்டார்: கெட்டால் யார் செலவில், எத்தனை நாளில் சரிசெய்வது. பணம் மூன்றாவதுதான். 750 மட்டும் ஏற்றச் சொல்லிக் கேளுங்கள், 1,000-க்குக்கூட ஒத்துக்கொள்ளலாம், 1,500 என்றே நின்றால் முதல் இரண்டையும் எழுதி வாங்கிக்கொண்டு சரி சொல்லுங்கள்.

இன்னொன்று. பழைய அக்ரிமென்ட்டை எடுத்துப் படித்தீர்களா? 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டப்படி ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை ஏற்றுவதும் அதில் எழுதியிருக்கிறபடிதான். புதுப்பிக்கும்போது 5 சதவீதம் என்று ஏற்கெனவே அதில் இருந்தால், அந்தப் பக்கத்தைக் காட்டினாலே போதும்.

மாடிக்குப் போனதும் வாடகையில் ஆரம்பிக்காதீர்கள். "சார், பையன் பத்தாவது, பரீட்சை முடியும்வரை எங்களுக்கு இந்த வீடு வேண்டும், அதை எழுதிக்கொள்ளலாமா?" என்று கேளுங்கள். அவர் ம் என்று சொன்ன பிறகு மோட்டார், அப்புறம் பணம். அன்றைக்கே முடிவு சொல்ல வேண்டும் என்றும் இல்லை. தடுமாறினால் "வீட்டில் கேட்டுச் சொல்கிறேன் சார்" என்று இறங்கி வந்துவிடுங்கள். மே கடைசிவரை நேரம் இருக்கிறது.

பேசிவிட்டு என்ன ஆயிற்று என்று எழுதுங்கள் தங்கச்சி. தம்பிக்குப் பரீட்சை நன்றாக நடக்கட்டும். சரி, அடுத்த கேள்வி.